பதினேழே தேவலை

மூலப் பதிவேட்டில் பதினேழு என்று இருந்தது. பட்டம் கொடுப்பதற்காகத் தயாரித்த பட்டியலில் எழுபத்தொன்று என்று இருந்தது.

தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பதினேழு பதினேழாகத்தான் இருந்தது. முப்பத்தேழு வருஷம் வாயைத் திறக்காமல் கிடந்த சனியன், மனுஷன் ஓய்வுபெற மூன்றே நாள் இருக்கும்போது தலையைத் தூக்கிப் பார்க்கிறது!

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் விழா. இங்கே படித்து உலகத்தில் பெரிய ஆளாகிவிட்ட ஆறு பேருக்குப் பாராட்டுப் பட்டயம் கொடுக்கிறார்கள். அறிவியலில் மூன்று பேர், கலைத்துறையில் மூன்று பேர். கொடுப்பதற்கு முன்னால் அவர்களுடைய பழைய மதிப்பெண்களை மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஐந்து பேருக்குப் போட்டாகிவிட்டது. ஆறாவது ஆள்தான் விழாவுக்கே மாப்பிள்ளை. மனித வியர்வையில் எந்த வாசனைக்குக் கொசு மயங்குகிறது என்று கண்டுபிடித்தவர். பதினெட்டு நாடுகள் கூப்பிட்டு மரியாதை செய்த கொசு விஞ்ஞானி.

அந்தக் கொசு விஞ்ஞானி கடைசி வருஷத்தில் ஒரு பாடத்தில் தோற்றிருக்கிறார். 'மனித நாகரிக வரலாறு' என்ற பொதுத்தாள். அறிவியல் படித்தாலும் இலக்கியம் படித்தாலும் அதை எழுதி நாற்பது வாங்கியே தீர வேண்டும். வாங்காவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் மேல்படிப்பு இல்லை, ஆராய்ச்சி இல்லை, கொசுவும் இல்லை.

சரி, பதினேழைத் திருப்பிப் போட்டு எழுபத்தொன்று ஆக்கிய புண்ணியவான் யார்?

பட்டியலில் அந்த ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு இருந்தது. ஏழுக்கு அரைஞாண் கட்டிவிடுகிற ஆள் அந்த அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவரே உட்கார்ந்து அவர் கையாலேயே எழுதிய பட்டியல் அது.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அரைமார்க்கு'. முப்பத்தொன்பதரை வாங்கியவன் வந்து காலைப் பிடித்து அழுதாலும் அரை மார்க்கைக் கூட்டிப் போட மாட்டார். "எண்ணுக்கு இரக்கம் கிடையாது தம்பி, அடுத்த வருஷம் வா" என்பார். அந்தப் பட்டப்பெயரை அவர் வெளியே முறைத்தார், உள்ளே ரசித்தார். மற்றவர்களுக்குக் கார், பங்களா என்று ஏதேதோ இருந்தது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: முப்பத்தேழு வருஷத்தில் அவர் கையில் ஒரு மார்க்கு தப்பாகப் போனதில்லை. அதற்காக அதே மேடையில், அதே வெள்ளிக்கிழமை, 'பிழையற்ற பணி' என்று அவருக்கும் ஒரு சான்றிதழ் எழுதி வைத்திருந்தார்கள்.

பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்த ஆவண அறைப் பெண்மணி இன்னும் மேஜை ஓரத்திலேயே நின்றிருந்தாள். அவரைவிட மூன்று மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். அலுவலகத்துக்கே ரெக்கார்டு அக்கா.

"பார்த்தாச்சா சார்? உள்ள கொண்டுபோய் வச்சிடட்டுமா?"

"இருக்கட்டும்."

"அந்த வருஷத்துப் பதிவேட்டை யாரும் கேட்டதே இல்ல சார். தூசிதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் அவர் இன்னொரு முறை பக்கங்களைப் புரட்டினார். அவரும் அதே வருஷம் அதே பொதுத்தாளை எழுதியவர்தான். அறுபத்திரண்டு. அதே விழாவில் கலைத்துறைப் பட்டயம் வாங்கப்போகிற வரலாற்றம்மா தொண்ணூற்று மூன்று. பல்கலைக்கழகத்திலேயே முதல் இடம். எல்லாம் அச்சடித்தாற்போல் சரியாக இருந்தது, இந்த ஒரு பாழாய்ப்போன பதினேழைத் தவிர.

உண்மையைச் சொன்னால் விழா நாறும், விசாரணை வரும், கடைசி நாளில் தலைகுனிந்து வெளியே போக வேண்டும். சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. யோசித்து யோசித்துப் பதிவாளரிடம் போனார்.

"வாங்க அரை... வாங்க சார், உட்காருங்க" என்றார் பதிவாளர்.

"ஐயா, அந்தக் கொசு விஞ்ஞானியை இந்த வருஷமேதான் கூப்பிடணுமா?"

"ஏன்?"

"அடுத்த வருஷம்னா இன்னும் நிதானமா, சிறப்பா..."

"அழைப்பிதழ் போயாச்சு, ஆளு வந்து விருந்தினர் விடுதியில இறங்கியாச்சு, இப்ப வந்து அடுத்த வருஷம்ங்கிறீங்க?" பதிவாளர் பேனாவை மூடினார். "உங்களுக்கு அவர் மேல ஏதாவது காய்ச்சலா? கூடப் படிச்சவன் மேல போயிட்டானேன்னு?"

"ஐயையோ! அப்படியெல்லாம் இல்லீங்க. அவர் மேல எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? அவரோட ஒவ்வொரு மார்க்கும் எனக்கு மனப்பாடம்!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாகிவிட்டது. பதிவாளரின் முகம் மலர்ந்தது.

"அடடா, இது தெரியாமப் போச்சே! அப்ப அவரைப் பத்தின பாராட்டுரையை நீங்களே மேடையில வாசிச்சிடுங்க. ஒவ்வொரு பாடமா, மார்க்கைச் சொல்லிச் சொல்லி. முக்கியமா அந்தப் பொதுத்தாள். விஞ்ஞானிக்கு வரலாறும் தெரியும்னு ஜனங்க தெரிஞ்சுக்கட்டும்."

அன்றைக்கு ராத்திரி தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. மனைவி தட்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு? மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகத் தப்பில் மாட்டிக்கொண்டவனுக்கு ரகசியம் காக்கவும் பழக்கம் இருக்காது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவள் கண்ணில் நீர் இருந்தது, அது சிரிப்பால் வந்த நீர் மாதிரித் தெரியவில்லை.

"என் தம்பி பையன் முப்பத்தொன்பது வாங்கிட்டு வந்து நின்னானே, ஞாபகம் இருக்கா? இதே வாசல்ல நின்னான். ஒரு மார்க்கு. ஒரே ஒரு மார்க்கு. என் தம்பி உங்க கையைப் பிடிச்சான். என்ன சொன்னீங்க?"

"அது வேற..."

"எண்ணுக்கு இரக்கம் கிடையாதுன்னு சொன்னீங்க. அன்னிக்கு எழுந்து போனவன்தான், பதினோரு வருஷமா என் தம்பி இந்த வீட்டுப் படி ஏறல. முப்பத்தொன்பது வாங்கினவன் இன்னிக்கு லிப்ட் ரிப்பேர் பார்த்துக்கிட்டு மேலயும் கீழயும் போயிட்டு வர்றான். பதினேழு வாங்கினவனுக்கு நீங்க மேடையேறிப் பாராட்டுரை வாசிக்கப் போறீங்க!"

"தெரியாமச் செஞ்சதுடி."

"அதான் சொல்றேன். தெரிஞ்சு ஒரு மார்க்கு போட மனசு வரல. தெரியாம அம்பத்து நாலு மார்க்கை வாரிக் குடுத்திருக்கீங்க, கர்ணப் பிரபு!"

கணக்கில் அவளும் தப்புவதில்லை. எழுபத்தொன்றில் பதினேழு போனால் ஐம்பத்து நாலுதான்.

மறுநாள் காலை விதிமுறைப் புத்தகத்தைக் குடைந்தபோது ஒரு வழி தெரிந்தது. ஒரே ஒரு பாடம் பாக்கி இருப்பவர் எத்தனை வருஷம் கழித்தும் 'சிறப்பு வாய்ப்பு' என்று அதை எழுதலாம். வெளியாள் ஒருவர் திருத்தி நாற்பது போட்டுவிட்டால் பழைய பட்டம் பழைய தேதியிலிருந்தே செல்லும். சோம்பேறிகளுக்குச் சலுகை என்று அந்த விதியை எதிர்த்து அவரே மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். இப்போது அந்தப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு விருந்தினர் விடுதிக்குப் போனார். விஞ்ஞானி வழுக்கையும் தொப்பையுமாக, நல்ல சிரிப்போடு கதவைத் திறந்தார்.

"விழா மலருக்காக ஒரு சின்னக் கேள்வித்தாள் சார்" என்றார் அரைமார்க்கு. "ஏதாவது அஞ்சு கேள்விக்குப் பதில் எழுதணும். கையால எழுதணும். போனைப் பார்க்கக் கூடாது. மூணு மணி நேரம்."

"மலருக்கு மூணு மணி நேரமா?"

"இயல்பா இருக்கணும்னு மலர்க்குழுவில ஆசைப்படுறாங்க."

"பேஷா எழுதிடலாம்" என்று விஞ்ஞானி உட்கார்ந்தார். அரைமார்க்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்காணித்தார். மலருக்குப் பதில் எழுதுகிறவரை யாரும் இப்படி முறைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அரை மணி நேரத்தில் விஞ்ஞானி எழுந்துவிட்டார்.

"சார், இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு!"

"போதும் சார். எனக்கு வரலாறுன்னா அரை மணி நேரந்தான். அன்னிக்குப் பரீட்சையிலயும் அரை மணியில எழுந்து வந்துட்டேன். மேற்பார்வையாளர் என்னைத் திட்டின திட்டு இன்னும் காதுல கேக்குது. ஆனா பாருங்க, எழுபத்தொண்ணு! ஒண்ணுமே தெரியாம எழுபத்தொண்ணு. அன்னிக்கு வந்த தைரியந்தான் சார் எனக்கு எல்லாமே. தெரியலைன்னாலும் எழுதிப் பார்த்துடணும், எங்கேயோ ஒரு நல்ல மனுஷன் உட்கார்ந்து புரிஞ்சுக்கிட்டு மார்க்கு போடுவான்னு ஒரு நம்பிக்கை."

அந்த நல்ல மனுஷன் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

திருத்துவதற்கு ஆள்? அதே விடுதியில், பக்கத்து அறையில்தான் வரலாற்றம்மா இருந்தார். எடைக்கற்களும் அளவுகோல்களும் பற்றி மூன்று பெரிய புத்தகம் எழுதியவர். வேறு நாட்டில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வெளியாள் என்ற விதிக்கும் பொருந்தும். தாளில் பெயர் கிடையாது, பொய் எண் போட்டாகிவிட்டது. யாரோ ஒரு மாணவனுடைய சிறப்பு வாய்ப்பு, கொஞ்சம் அவசரம் என்று சொல்லிக் கொடுத்தார்.

"தாராளமா" என்றார் அந்த அம்மா. "சும்மாதான் இருக்கேன். பக்கத்து ரூம்ல யாரோ பூச்சி மருந்து விக்கிறவர் தங்கியிருக்கார் போல. அவரோட பேச எனக்கு என்ன இருக்கு?"

மூன்று நாளாக இரண்டு பேரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். ஒருவர் வாழ்நாள் முழுக்க என்ன செய்தார் என்று மற்றவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. இவர்களைத்தான் ஒரே மேடையில் உட்கார வைத்து அறிவுலகம் என்று அறிவிக்கப் போகிறார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போனபோது வரலாற்றம்மா கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"யார் சார் இந்தப் பையன்?"

"ஏன் மேடம்?"

"படிக்கிறேன், கேளுங்க. கேள்வி: நெருப்பின் பயன்பாடு மனித சமூகத்தை எவ்வாறு மாற்றியது? பதில்: 'நெருப்பு வந்ததால் புகை வந்தது. புகை வந்ததால் கொசு போயிற்று. கொசு போனதால் மனிதன் தூங்கினான். தூங்கி எழுந்தவன் நாகரிகம் அடைந்தான்.'"

அரைமார்க்குக்கு வியர்த்தது.

"அடுத்தது. பேரரசுகள் வீழ்ந்ததற்கான காரணங்களை விவரி. மூணு பக்கம் எழுத வேண்டிய கேள்வி. இவன் ஒரே வார்த்தை எழுதியிருக்கான். 'கொசு.' அடியில கோடு வேற போட்டிருக்கான்!"

"எவ்வளவு மேடம் போட்டிருக்கீங்க?"

"பதினொண்ணு. அதுவும் கையெழுத்துக்காக."

"பதினேழே தேவலை" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். தாளைக் குடுங்க, நான் கிளம்புறேன்."

"தாளா? தரமாட்டேன்." வரலாற்றம்மா அதைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்தார். "நாளைக்கு என் ஏற்புரையில இதை அப்படியே வாசிக்கப் போறேன். நாங்க படிச்ச காலத்துல இந்தப் பொதுத்தாள்ல மார்க்கு வாங்குறதுன்னா ரத்தம் கக்கணும். நான் தொண்ணூத்து மூணு வாங்கினேன், ராத்திரி பகலாப் படிச்சு. இன்னிக்கு இந்த மாதிரித் தற்குறிங்களை உள்ள விட்டு வச்சிருக்கீங்க. யார் இவன், எதுக்காக இவனுக்குச் சிறப்பு வாய்ப்புன்னு மேடையிலயே கேக்கப் போறேன்."

"மேடம், அது ரகசியம்..."

"கல்வி செத்துக்கிட்டிருக்கு, உங்களுக்கு ரகசியம் கேக்குதா?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். படி இறங்கும்போதே அவர் வரிசையாகக் கணக்குப் போட்டார். நாளைக்கு மேடையில் அந்த அம்மா வாசிப்பார். பக்கத்து நாற்காலியில் இருக்கிற விஞ்ஞானி, "இது நான் எழுதினதாச்சே!" என்பார். மலருக்கு எழுதியது ஏன் திருத்தப் போயிற்று என்று பதிவாளர் கேட்பார். பதிவேட்டைக் கொண்டு வா என்பார்கள். பதினேழு பல்லைக் காட்டும்.

ஆனால் பதிவேட்டிலும் எழுபத்தொன்று என்றே இருந்துவிட்டால்? அப்புறம் எந்தப் பாடமும் பாக்கி இல்லை, எந்தத் தேர்வும் நடக்கவில்லை. அது வெறும் மலர்க் கேள்விக்கு வந்த பதில். அவர் தவறி அதை விடைத்தாள்களோடு சேர்த்து வைத்துவிட்டார், மன்னிக்கணும் மேடம், அவ்வளவுதான்.

அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. பழைய எழுத்தை பிளேடால் சுரண்டி மாற்றுவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வருஷாவருஷம் பாடம் எடுத்தவர் அவர்தான். அப்படிச் சுரண்டிய ஒருவனை வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறார். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து வராந்தாவில் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குக் கண்டுபிடிக்க முடியாமல் செய்யவும் தெரியும் என்பதுதான் கொடுமை.

மதியச் சாப்பாட்டு வேளையில் ஆவண அறை காலியாக இருந்தது. அலமாரிகளுக்கு நடுவே, ஜன்னலோரம், பதிவேட்டைப் பிரித்து வைத்தார். புது பிளேடு. தாளின் நார் எழும்பாமல் ஒரே பக்கமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினார். ஒன்று போயிற்று. ஏழு போயிற்று. நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். பழைய மையின் நிறத்துக்குக் கலந்து கொண்டுவந்த மையில் பேனாவைத் தொட்டு எழுபத்தொன்று என்று எழுதினார். ஏழுக்குக் குறுக்குக்கோடு போடக் கை தானாகப் போயிற்று. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார்.

அற்புதமான வேலை. அவரே பரிசோதித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார். முப்பத்தேழு வருஷத்து நேர்மையை முழுசாகத் தின்று முடிக்க நாலு நிமிஷந்தான் ஆயிற்று. அழுகை வந்தது. இருக்கட்டும், நாளைக்கு ஒரு நாள், அப்புறம் இந்த வாசலையே மிதிக்க வேண்டாம்.

"என்ன சார் பண்றீங்க?"

ரெக்கார்டு அக்கா பின்னால் நின்றிருந்தாள். கையில் கழுவிய சாப்பாட்டு டப்பா. பிளேடையும் பார்த்தாள், பக்கத்தையும் பார்த்தாள், அவர் கண்ணையும் பார்த்தாள்.

முப்பத்தேழு வருஷத்தில் யாரிடமும் கெஞ்சாத மனுஷன் கெஞ்சினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. ஒரே ஒரு எண். பதினேழு இருந்துச்சு, எழுபத்தொண்ணு ஆக்கிட்டேன். நாளைக்கு மேடையில என் மானம் போயிடும்."

அவள் அதிரவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"எந்த வருஷம் இது? பொதுத்தாளா?" நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அட, இதுக்கா சார் இந்தப் பாடு? என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? அந்த வருஷம் திருத்துறதுக்கு முன்னாடியே இந்த ரூம்ல தண்ணிக் குழாய் வெடிச்சு அவ்வளவு விடைத்தாள் கட்டும் கூழாப் போச்சே! நானும் பழைய கண்காணிப்பாளரும்தான் அள்ளிப் போட்டோம்."

"கட்டு போச்சா? அப்ப இதுல இருக்கிற மார்க்கெல்லாம்?"

"வெளிய தெரிஞ்சா அவர் வேலை போயிடும்னு அழுதாரு. ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கிட்டு அவரே உட்கார்ந்து எழுதிட்டாரு. பரீட்சைக்குக் குடுத்த விண்ணப்பங்களை நான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன். கையெழுத்து முத்து முத்தா இருந்தா தொண்ணூறு, கோணலா இருந்தா அறுபது."

அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கையெழுத்து கோணல்தான்.

"அப்ப இந்தப் பதினேழு?"

"அதுவா? யாரோ ஒரு பையன் அரை மணி நேரத்துல எழுந்து போயிட்டான்னு மேற்பார்வையாளருக்குக் கோபம். அவன் தாளை அங்கேயே வரி விடாம ரெண்டு தடவை படிச்சு, திருத்தி, தனி உறையில போட்டு அனுப்பிட்டாரு. அதனால நனையல." ரெக்கார்டு அக்கா அந்த வழவழப்பான இடத்தை விரலால் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "இந்தப் பதிவேடு முழுக்க நிஜமா ஒருத்தர் படிச்சுப் பார்த்துப் போட்ட மார்க்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு சார்."